போர்முனைப் படங்களை முகநூலில் போடலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

பாலக்கோட்டிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என் அப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1999 கார்கில் போரின்போது எடுத்த படங்களை ஆல்பமாக வைத்திருக்கிறார். எதிரி வீரர்கள் இறந்து கிடக்கும் படங்களும் அதில் உண்டு. அமெரிக்க வீரர்கள் ஈராக்கில் எடுத்ததையெல்லாம் மறைக்காமல் இணையத்தில் போட்டார்களே, நாங்கள் முகநூலில் போட்டால் என்ன தவறு?"

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அமெரிக்காவிலும் அது அனுமதி பெற்று நடந்ததல்ல. ஈராக்கில் இறந்தவர்களின் உடல்களை வீரர்கள் படமெடுத்து ஓர் இணையதளத்தில் ஏற்றிய செய்தி 2005இல் வெளியானபோது, ராணுவமே விசாரணையில் இறங்க நேர்ந்தது. முதல் உலகப் போரிலேயே, வீரர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த சிறு கேமராக்களுக்குப் பிரிட்டன் தடை விதித்திருந்தது.

இறந்தவர்களின் படங்களைப் பொதுவில் போடவே கூடாது என்பது என் கருத்து. கார்கிலில் பாகிஸ்தான் ஏற்றுக்கொள்ளாத வீரர்கள் பலரின் உடல்களை நமது ராணுவம் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தது. அப்படி நடந்துகொண்ட படையைச் சேர்ந்த ஒருவரின் ஆல்பத்திலிருந்து அதே முகங்கள் விருப்பக்குறிகளுக்காக வெளிவருவது பொருந்தாது. அம்பு தைத்து விழுந்தவனை நம் தருமபுரிப் பக்கத்து நடுகற்களே காட்டவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கல்லை நட்டவர்கள் அவனுடைய சொந்த ஊரார். அவனைக் கொன்றவர்கள் அல்லர்.

பிடிபட்டவர்களைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு. 2019 பிப்ரவரியில் விமானப்படை அதிகாரி அபிநந்தன் முகத்தில் ரத்தத்தோடு இருந்த காணொளி பரவியபோது, இந்தியா ஜெனீவா உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டித்தான் கண்டனம் தெரிவித்தது. அன்று நாம் கொதித்தோம் அல்லவா?

அப்படியானால் கொடுமைகள் வெளியே தெரிய வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளுக்கு இழைத்த கொடுமைகள், அந்த வீரர்களே தங்கள் சொந்தக் கேமராக்களில் எடுத்துவைத்த படங்களால்தான் 2004இல் உலகத்துக்குத் தெரிந்தன. ஆனால், அவற்றைக் கண்டு பொறுக்காத ஜோசப் டார்பி என்ற வீரர், இணையத்தில் ஏற்றாமல், ஒரு குறுந்தகட்டில் போட்டு ராணுவக் குற்றப் புலனாய்வாளர்களிடம் ஒப்படைத்தார். வழக்கும் தண்டனையும் அதன்பிறகு வந்தவை. சான்றாகக் கொடுப்பதும் காட்சிக்கு வைப்பதும் ஒன்றல்ல.

அடுத்து, ஓய்வு பெற்றுவிட்டதால் கட்டுப்பாடு தீர்ந்துவிடுவதில்லை. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், பதவியில் இருந்தபோது கிடைத்த ரகசியத் தகவல்களுக்காக முன்னாள் பணியாளரையும் கட்டுப்படுத்தும்; அச்சட்டம் வரைபடம் என்று சொல்லுமிடத்தில் புகைப்படமும் அடங்கும். பணியில் இருப்பவர்களுக்கோ 2020 ஜூலையில் முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கும்படியே ராணுவம் உத்தரவிட்டது.

அப்பாவின் படங்கள் அச்சுப் படங்கள் என்பதால், கைப்பேசிப் படங்களில் ஒளிந்திருப்பதுபோன்ற இருப்பிடக் குறிப்பு அவற்றில் இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு படத்தின் பின்புலத்தையும் உற்றுப் பாருங்கள். சிரித்துக்கொண்டு நிற்கும் நண்பருக்குப் பின்னால் பதுங்குகுழியின் வாயில், வண்டியின் எண், ஆன்டெனா, மலைமுகட்டின் வடிவம் எல்லாம் இருக்கும். அந்த முகட்டில் இன்றைக்கும் நம் காவல்நிலை இருக்கக்கூடும்.

சமையல் நேரம், கடிதம் படிப்பது, பனியில் குளிர்காய்வது போன்ற படங்களில் இப்படி எதுவும் இல்லையென்றால் தயங்காமல் பகிருங்கள். ஒரு படைவீரரின் அன்றாடத்தை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அவற்றில் பின்னர் வீரமரணம் அடைந்த தோழர் யாரேனும் இருந்தால், அவர் குடும்பத்தாரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மற்றவற்றைக் கிழித்தெறிய வேண்டாம். அப்பாவை அருகில் உட்காரவைத்து, யார், எந்த இடம், எந்த நாள் என்று படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி, வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.