முக்கால் மணி நேரப் புகழும் மற்றப் பொழுதும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள், நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயத் திடலில் செக்ரடேரியட் என்னும் செம்பழுப்புக் குதிரை ஒன்றரை மைல் தூரத்தை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்தது. இரண்டாவதாக வந்த குதிரை 31 குதிரை நீளம், அதாவது ஏறக்குறைய 75 மீட்டர் பின்தங்கியிருந்தது. மண் தரையில் அந்தத் தூரத்தை அதைவிட விரைவாக ஓடிய குதிரை இன்றுவரை இல்லை. அன்று அதன்மீது பணம் கட்டியவர்களில் பலர் தங்களுக்குச் சேர வேண்டிய தொகையை வாங்கவே இல்லை. வென்ற சீட்டுகளில் 5,617 சீட்டுகள் மாற்றப்படாமலேயே நின்றுவிட்டன. இரண்டு டாலர் கட்டியவருக்கு இருபது சென்ட்தான் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலையில், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே லாபம் என்று அவர்கள் கணக்குப் போட்டது சரிதான்.

குதிரைப் பந்தயம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அந்தச் சீட்டுகளால் கெட்ட குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன் என்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கால்நடை மருத்துவராகச் சில ஆண்டுகள் பந்தயக் குதிரைகளின் லாயங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில், சீட்டுக்கும் கடிகாரத்துக்கும் அப்பால் இருக்கும் குதிரையைப் பற்றியே பேச விரும்புகிறேன். செக்ரடேரியட் தன் வாழ்நாளில் ஓடிய பந்தயங்கள் 21, வென்றவை 16. அந்த இருபத்தொரு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் முக்கால் மணி நேரம்கூட வராது. 1972 ஜூலை 4 அன்று முதல் பந்தயம், 1973 அக்டோபர் 28 அன்று கடைசிப் பந்தயம் என்று ஏறக்குறைய பதினாறு மாத காலத்தில், அந்த முக்கால் மணி நேரம் போக மற்றப் பொழுதெல்லாம் அது யார் கையில் இருந்தது?

அந்தக் கை எடி ஸ்வெட் என்பவருடையது. தென் கரோலினா மாநிலத்தின் ஹாலி ஹில் பகுதியைச் சேர்ந்த கறுப்பின ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே, பின்னாளில் செக்ரடேரியட்டைப் பயிற்றுவித்தவரும் அங்கே பண்ணை வைத்திருந்தவருமான லூசியன் லோரினிடம் வேலைக்குச் சேர்ந்தவர். நம் ஊர் லாயங்களில் இந்த வேலை செய்பவரைச் சைஸ் என்பார்கள். இலத்தி அள்ளுவது, வைக்கோல் மாற்றுவது, தீவனம் வைப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது, காலுக்குத் துணி சுற்றுவது, நடத்திக் கூட்டிப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. குதிரை வென்றதும் எடுக்கும் புகைப்படத்தில் ஓரமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான். படத்தின் கீழே அச்சிடும் பெயர்களில் மட்டும் அவரைக் காண்பது அரிது.

இந்த வேலையின் நுட்பத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் கிண்டியில் நான் பழகிய வயதான சைஸ் ஒருவர். விடியற்காலை நான்கு மணிக்கு லாயத்துக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடாமல் முதலில் தீவனத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவார். இரவு வைத்த தீவனத்தில் ஒரு பிடி மிச்சம் இருந்தாலும் அவருக்கு அன்றைய செய்தி கிடைத்துவிடும். பிறகு குதிரையின் வாலையும் பிடரி மயிரையும் தடவி வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும் பிராணி என்றாலும், ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். இடம் தனக்குப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் படுக்காது. மயிரில் வைக்கோல் இருந்தால் இரவு நன்றாகக் கழிந்தது என்று பொருள். கடைசியாகப் புறங்கையால் முன்னங்கால்களை முழங்காலிலிருந்து குளம்பு வரை மெதுவாக நீவிக்கொண்டு வருவார். ஒருநாள் என்னை அழைத்து, "டாக்டரய்யா, இடது கால் நரம்பு சுடுது, இன்னிக்கு ஓட விட வேணாம்" என்றார். நான் தொட்டுப் பார்த்தேன்; எனக்கு எதுவும் தெரியவில்லை. படித்த திமிரில், ஓடட்டும் என்றேன். மூன்றாம் நாள் அந்தக் காலின் பின்புறம் வாழைப்பழம் போல் வீங்கி நின்றது. அந்தக் குதிரை அந்த ஆண்டு திடலுக்குத் திரும்பவில்லை. அதன்பின் அந்தப் பெரியவர் கை வைத்த இடத்தில் நான் மறுபேச்சுப் பேசியதில்லை.

அவர் நரம்பு என்று சொன்னது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை. குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது எனலாம்; எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். ஐந்நூறு கிலோ எடையுள்ள உடம்பு முழுப் பாய்ச்சலில் போகும்போது ஒரு கணம் அந்தப் பாரம் முழுவதும் அப்படிப்பட்ட ஒற்றைக் காலின்மேல் இறங்குகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை துடிக்கும் இதயம் அப்போது இருநூற்றை எளிதில் தாண்டிவிடும். பாய்ச்சலுக்கு ஒன்றாக மூச்சு வந்து போகும். இத்தனை வலிமை படைத்த பிராணிக்கு இரைப்பை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் சிறியது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே ஒரே வேளையில் கொட்டி வைக்காமல் சிறிது சிறிதாகப் பல முறை தர வேண்டும், தீவனத்தைத் திடீரென மாற்றக் கூடாது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொன்ன நாம், கொள்ளைக் குதிரைக்கு உரியதாகவே கருதி வந்திருக்கிறோம். இருந்தும் அளவு தவறினால் எந்தத் தானியமும் ஒரே இரவில் வயிற்றுவலியாக மாறிக் குதிரையைக் கொன்றுவிடும்.

இந்த அறிவு இல்லாததற்குத் தமிழகம் ஒரு காலத்தில் பெரிய விலை கொடுத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கடல் வழியாக வந்த குதிரைகளை அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேலாக வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். விற்க வந்த வணிகர்கள், லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களைத் தாங்களும் அழைத்து வராமல், பிறரையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரைகள் செத்தால்தானே மறு ஆண்டும் வியாபாரம் நடக்கும்! எண்ணிக்கையில் பயணியின் மிகை கலந்திருக்கலாம். ஆனால் குதிரையை விற்றவர்கள் சைஸை மட்டும் விற்கவில்லை என்ற செய்தி எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது.

செக்ரடேரியட்டுக்கு வருவோம். 1973 ஏப்ரலில், கென்டக்கி டெர்பி என்னும் பெரும் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த வுட் மெமோரியல் பந்தயத்தில் அது மூன்றாவதாக வந்தது. இதன் வம்சம் குறுகிய தூரத்துக்கே உரியது, டெர்பியின் ஒன்றேகால் மைலுக்குத் தாங்காது என்று எழுதத் தொடங்கினார்கள். உண்மையில் அதன் மேலுதட்டின் உட்புறம் ஒரு சீழ்க்கட்டி இருந்தது. ஜாக்கி ரான் டர்கோட் கடிவாளத்தை இழுத்தபோதெல்லாம் அந்தப் புண் வலித்திருக்க வேண்டும். கட்டி உடைந்து ஆறிய பிறகு, மே 5 அன்று டெர்பியில் அதே குதிரை ஒவ்வொரு கால் மைலையும் அதற்கு முந்தைய கால் மைலைவிட விரைவாக ஓடி, 2 நிமிடத்துக்குள் இலக்கைத் தொட்டது. ஒன்றேகால் மைல் பந்தயத்தில் போகப் போகக் குதிரை களைத்து வேகம் குறைவதே இயல்பு. அது அன்று காட்டிய வேகமும் அந்தத் திடலில் இன்னும் முறியடிக்கப்படவில்லை. வம்சாவளியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் விவாதித்த கேள்விக்கு விடை ஒரு புண்ணில் இருந்தது என்பது என் போன்ற மருத்துவர்கள் மறக்கக் கூடாத செய்தி.

லாயத்தில் அது குறும்புக்காரக் குதிரை. பார்க்க வந்த செய்தியாளரின் குறிப்பேட்டைப் பற்களால் கவ்விப் பறித்துக்கொண்ட கதை பிரசித்தம். இளங்குதிரைகள் சலிப்பில் இப்படிச் செய்வது உண்டு. நாளில் பெரும்பகுதி நான்கு சுவருக்குள் நிற்கும் பிராணிக்கு அந்தக் குறிப்பேடு ஒரு விளையாட்டுப் பொருள்.

அதே 1973இல், மார்ச் மாதக் கடைசி நாளில், இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ திடலில் முப்பது தடைகளைத் தாண்டி ஓட வேண்டிய கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ரெட் ரம் என்னும் குதிரை வென்றது. இதன் லாயம் சௌத்போர்ட் நகரில், ஒரு கார் விற்பனைக் கடைக்குப் பின்னால் இருந்தது. பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கேன் டாக்சி ஓட்டியவர், பழைய கார்கள் விற்றவர். புல்வெளிப் பயிற்சித் திடல் வைத்துக்கொள்ள வசதியில்லாத அவர், தம் குதிரைகளைக் கடற்கரை மணலில் ஓட்டினார். ரெட் ரம்மின் குளம்புக்குள் எலும்பு அழற்சி இருந்தது. வாங்கிய சில நாளிலேயே அது நொண்டியது. அதைக் குளிர்ந்த கடல்நீரில் இறக்கி நடத்தினார். வெளியே வந்தபோது நொண்டவில்லை. வீங்கிய காலுக்குக் குளிர்ந்த நீர் என்பது எந்தச் சைஸும் அறிந்த வைத்தியம்தான். மெக்கேனுக்கு வாய்த்த பக்கெட் கொஞ்சம் பெரியது. 1974இலும், பன்னிரண்டு வயதில் 1977இலும் அதே பந்தயத்தை வென்ற ரெட் ரம், ஓய்வு பெற்றபின் பிளாக்பூல் நகரின் விளக்கு அலங்காரத்தைத் தொடங்கிவைக்கும் அளவுக்கு மக்களின் செல்லமாயிற்று. அதன் சமாதி எய்ன்ட்ரீயின் வெற்றிக் கம்பத்தருகே இருக்கிறது.

செக்ரடேரியட் கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில் பொலிகுதிரையாக வாழ்ந்து, குளம்பின் உட்படலம் அழன்று பிரியும் நோய் தீராததால், 1989 அக்டோபர் 4 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. உடலைப் பரிசோதித்த மருத்துவர், இதயம் வழக்கமான குதிரை இதயத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல், ஏறக்குறைய பத்துக் கிலோ இருக்கும் என்று கண்ணால் மதிப்பிட்டார், எடை போடவில்லை. பந்தயக் குதிரைகளுக்குத் தலை, இதயம், குளம்புகள் ஆகியவற்றை மட்டும் புதைப்பது அங்கே வழக்கமாக இருக்க, இதை முழு உடலாகவே அடக்கம் செய்தார்கள்.

அக்டோபர் 4 என்றதும் எனக்கு இன்னொரு குதிரை நினைவுக்கு வருகிறது. 1926இல் அதே தேதியில் நியூசிலாந்தில் பிறந்தது ஃபார் லாப். தாய்லாந்திலும் தென்சீனத்திலும் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயருக்கு மின்னல் என்று பொருள். 160 கினிக்கு மலிவாக வாங்கிய அந்தக் குதிரை ஓடிய 51 பந்தயங்களில் 37ஐ வென்று, பொருளாதார வீழ்ச்சியில் வாடிக்கிடந்த ஆஸ்திரேலியர்களுக்குப் பேச ஒரு நல்ல செய்தியைத் தந்தது. அதன் சைஸ் டாமி வுட்காக். உலகத்துக்கு ஃபார் லாப்; அவருக்கு அது பாபி. 1930 நவம்பர் முதல் தேதி காலையில், மட்டக்குதிரை ஒன்றின் மேலிருந்தபடி பாபியை நடத்திச் சென்ற அவர்மேலும் குதிரைமேலும் காரில் வந்த எவரோ துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு படவில்லை. அன்று மாலையே ஒரு பந்தயத்தையும் மூன்று நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் பெரும் பந்தயமான மெல்போர்ன் கோப்பையையும் ஃபார் லாப் வென்றது. 1932இல் கடல் கடந்து மெக்சிகோவில் ஒரு பெரும் பந்தயத்தை வென்ற இரண்டு வாரங்களில், ஏப்ரல் 5 அன்று, கலிஃபோர்னியாவில் வுட்காக்கின் கண்ணெதிரிலேயே இறந்தது. பல்லாண்டுகள் கழித்து அதன் மயிரில் ஆர்செனிக் நஞ்சு கண்டறியப்பட்டது. அது எப்படிச் சென்றது என்ற வாதம் ஓயவில்லை. இதயம் கான்பெராவில், தோல் மெல்போர்னில், எலும்புக்கூடு வெலிங்டனில் என்று மூன்று காட்சிச்சாலைகள் அந்தக் குதிரையைப் பங்கிட்டுக்கொண்டன.

வுட்காக்கின் பங்குக்கு ஒன்றும் வரவில்லை. அவர் குதிரைகளை விட்டுப் போகவும் இல்லை. பின்னாளில் தாமே பயிற்சியாளராகி, ரெக்லெஸ் என்னும் குதிரையை 1977இல் மெல்போர்ன் கோப்பைக்குக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பந்தயத்துக்கு முன் எடுத்த ஒரு புகைப்படத்தில், லாயத்து வைக்கோலில் ரெக்லெஸ் காலை மடித்துப் படுத்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே கிழவரும் படுத்திருக்கிறார். அந்த ஆண்டு ரெக்லெஸ் இரண்டாவதாக வந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அந்த வைக்கோலுக்குத்தான். கிண்டிப் பெரியவர் இருந்திருந்தால் மறுநாள் காலை அதன் வாலைத் தடவிப் பார்த்துச் சிரித்திருப்பார்.

நன்றி. வணக்கம்.