350 போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரிய வண்டிக்காரர்களே, ஞாயிற்றுக்கிழமை காலை ரைடைத் தியாகம் செய்துவிட்டு இங்கே வந்திருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

350 சிசி குரூசர், அதாவது தாழ்வான சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் பைக், வைத்திருப்பவர் அதைக் கொடுத்துவிட்டு 650க்கு மாறலாமா, வேண்டாமா என்பது தலைப்பு. வேண்டாம் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். நெடுஞ்சாலையில் 350க்கு மூச்சு வாங்குகிறது என்றார். 350 அதிர்கிறது என்றார். கடைசியாக, வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது, இப்போது வாங்காவிட்டால் எப்போது வாங்குவது என்று கேட்டார். அதைக் கேட்கும்போது அண்ணனுக்குக் குரலே தழுதழுத்துவிட்டது. நீங்கள் அதிகமாகக் கைதட்டியதும் அதற்குத்தான்.

முதல் காரணத்தை நான் மறுக்கப்போவதில்லை. என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. குதிரைத்திறன் 20க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650க்கு 46க்கு மேல். ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எண்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் போதும், முன்னால் போகும் பேருந்து நமக்குப் பின்னால் போய்விடும். இருவழிச் சாலையில் எதிரே வண்டி வரும்போது அந்தத் திருகல் உயிரையே காப்பாற்றும். அந்த ஒரு மதிப்பெண்ணை நடுவர் அவர்கள் தாராளமாக எதிரணிக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் நான்குவழிச் சாலைக்கு அந்தக் கதை பொருந்தாது. 2018ல் மத்திய அரசு அறிவித்த வேக வரம்பில் அங்கேயும் இருசக்கர வாகனத்துக்கு 80தான் உச்சம். 80ல் என் வண்டி நாள் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே போகும். அதற்கு மேல் போனால்தான் மூச்சு வாங்கும். அங்கே வாங்க வேண்டியதுதான்!

அதிர்வைப் பற்றி அவர் சொன்னது பழைய புல்லட்டுக்குச் சரி. 2020 நவம்பரில் வந்த மீட்டியாரில் எஞ்சினே புதிது. அதிர்வை அடக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் லாரியின் நம்பரைக் கண்ணாடியில் பார்த்துப் படிக்க முடிகிறது. சரி, அதை விடுவோம்.

இப்போது நான் கொல்லிமலைக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். போன வருடம் நண்பர் ஒருவரும் நானும் திருச்சியிலிருந்து கிளம்பினோம். மலையடிவாரத்தில் காரவள்ளிக்கு வந்ததும் வண்டியை மாற்றிக்கொண்டோம். அவர் 650 என் கையில், என் 350 அவர் கையில். எழுபது கொண்டை ஊசி வளைவு. பொய் சொல்ல மாட்டேன், நடுவர் அவர்களே, ஏறும்போது சொர்க்கம். ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் வண்டி யானை எழுந்திருக்கிற மாதிரி எழுந்து போகிறது. மேலே சோளக்காட்டுக்கு வரும்போது, வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்து முடித்துவிட்டேன்.

அப்புறம் டீ குடிக்க நிறுத்தினேன். சாலை ஓரத்திலிருந்து கடைப் பக்கம் இறங்குகிற சரிவு. டீ ஞாபகத்தில், வண்டியை முகம் கீழே பார்க்க அப்படியே கொண்டுபோய் விட்டுவிட்டேன். குடித்து முடித்துவிட்டு வந்து ஏறி உட்கார்ந்து பின்னால் தள்ளுகிறேன். அசையவில்லை. சீட் தாழ்வுதான், 740 மில்லிமீட்டர், இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிகிறது. பதிந்து என்ன செய்ய? ஜல்லியில் ஷூ வழுக்குகிறது, வண்டி இன்னும் ஒரு சாண் கீழே இறங்குகிறது. இறங்கி நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். வண்டி என்னை இழுத்தது. கடைசியில் டீ மாஸ்டரும் டீ குடிக்க வந்த இரண்டு பேரும் சேர்ந்து தள்ளித்தான் சாலைக்கு ஏற்றினோம். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், இவ்ளோ பெரிய வண்டி, இதுல ரிவர்ஸ் கியர் கெடையாதா?"

மனைவியிடம் சொல்ல வைத்திருந்த ஒத்திகை அங்கேயே முடிந்துவிட்டது.

மீட்டியார் 350இன் எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியாருடையது 241 கிலோ. வித்தியாசம் 50 கிலோ, அதாவது ஒரு முழு சிமெண்ட் மூட்டை. ஓடும்போது அந்த மூட்டை தெரியாது. சொல்லப்போனால் ஓடும்போது அதுதான் சுகம், காற்று அடித்தாலும் லாரி கடந்து போனாலும் வண்டி அசையாது. நின்றதும் அந்த மூட்டையை யார் சுமப்பது? வண்டியை நாம் தேர்ந்தெடுப்பது ஓடுகிற வண்டியாக. வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துவது நிற்கிற வண்டியோடு. எதிரணித் தலைவர் இருபது நிமிடம் பேசினார், வண்டியை ஒரு தடவைகூட நிறுத்தவே இல்லை!

கொல்லிமலையிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளில் வண்டியைக் கையால் எத்தனை தடவை தள்ளுகிறேன், எத்தனை தடவை 80ஐத் தொடுகிறேன் என்று. காலையில் வீட்டு வாசலிலிருந்து பின்பக்கமாக இறக்குவது, அலுவலக ஸ்டாண்டில் நான்கு ஸ்கூட்டருக்கு நடுவே செருகுவது, சாயங்காலம் அதே நான்கு ஸ்கூட்டரை நகர்த்திவிட்டு உருவுவது, பெரியகடை வீதியில் கடைக்காரர் "கொஞ்சம் தள்ளி விடுங்க சார்" என்பது, திரும்ப வந்து வாசல் ராம்ப்பில் ஏற்றுவது. நாளுக்கு ஏழெட்டுத் தடவை ஆகிறது. 80ஐத் தொட்டது அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள், சமயபுரம் தாண்டி, நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காக அந்த ஏழெட்டுத் தடவையையும் கனமாக்கிக்கொள்ளச் சொல்கிறார் அண்ணன்.

வண்டியின் அடிப்பாகத்தையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். 350க்குத் தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி. 650க்கு 135. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்கிறது. நம் தெருவில் வேகத்தடை போடுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டா போடுகிறார்கள்? பின்னால் ஆளை உட்காரவைத்துக்கொண்டு போனால் அந்த 135உம் இன்னும் குறையும். குரூசரில் கால் முன்னால் நீட்டி இருப்பதால், மற்ற வண்டியில் மாதிரி எழுந்து நின்று அடியைக் காலில் வாங்கிக்கொள்ளவும் முடியாது. நேராக முதுகெலும்புக்குத்தான் போகும்.

காசு விஷயத்தை நீட்டப் போவதில்லை. 2023 ஜனவரியில் வந்தபோதே சூப்பர் மீட்டியாரின் ஷோரூம் விலை 3.49 லட்சத்தில் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 350 சிசி வரை 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேல் 40 ஆக ஏறியது. என் வண்டி 349 சிசி. கோட்டுக்கு ஒரு சிசி இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் கோலா பாட்டிலோடு ஒரே வரிசையில் நின்று வரி கட்ட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வருடத்துக்கு 1,366 ரூபாயிலிருந்து 2,804 ரூபாய் ஆகிவிடும். பெட்ரோலைக் கேட்டால், எனக்கு லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கிடைக்கிறது, நண்பருக்கு 25ஐத் தாண்டினால் அன்று அவர் எனக்கு போன் போட்டுச் சொல்லுவார்.

எதிரணியில் இன்னொருவர், 650 நம் மண்ணின் பெருமை, சென்னைப் பக்கம் தயாராகி உலகம் முழுக்கப் போகிறது என்று முழங்கினார். என் 350 மட்டும் எங்கே பிறந்தது, ஐயா? இரண்டும் சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள்தான். 1955ல் மெட்ராஸில் இந்தக் கம்பெனி தொடங்கியதே ராணுவம் வாங்கிய புல்லட்டை நம்பித்தான். அதுவும் 350 சிசி. எல்லையில் ரோந்து சுற்றப் போதுமாக இருந்த வண்டி, வயலூர் முருகனைப் பார்த்துவிட்டு வரப் போதாதா?

கடைசியாக அந்த நாற்பத்தைந்து வயது. அண்ணன் அதைச் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது, ஏனென்றால் எனக்கு நாற்பத்தேழு. ஆசை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கொல்லிமலை ஏறியபோது எனக்கும் வந்த ஆசைதானே. ஆனால் அந்த 241 கிலோ ஐம்பது வயதிலும் 241 கிலோவாகத்தான் இருக்கும், நம் முழங்கால்தான் இருக்காது. இப்போது வாங்காவிட்டால் எப்போது என்று அவர் கேட்கிறார். இப்போது வாங்கினால் எத்தனை வருடம் தள்ளுவீர்கள் என்று நான் கேட்கிறேன். ஆசைக்கு வழி இல்லாமல் இல்லை. பெரிய ஊர்களில் 650 வாடகைக்குக் கிடைக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை எடுங்கள், மலை ஏறுங்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நிறுத்துகிற கவலை கடைக்காரருக்கு.

நடுவர் மணியடித்துவிட்டார். ஒரே ஒரு அறிவிப்பு. எதிரணித் தலைவர் காலையில் அவசரமாக வந்தார் போலிருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் அடித்தளத்துக்கு இறங்குகிற சரிவில் அவருடைய 650 முகம் கீழே பார்த்து நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டரும் நிற்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, முடிந்ததும் எங்கள் அணியில் மூன்று பேரும் வருகிறோம் அண்ணே, ஒரு கை பிடிக்க. நன்றி, வணக்கம்.