ஒன்றரை நிமிடம், ஒரே கேள்வி: குறும்படத்தின் தொடக்கம் உருவான விதம்

[திரையில்: கறுப்பு. படியேறும் காலடிச் சத்தம் மட்டும்.]

வணக்கம். இந்த வீடியோவில் ஒரு குறும்படத்தின் முதல் ஒன்றரை நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். முழுப் படம் 12 நிமிடம். நான் சினிமா படிக்கும் மாணவன். திரைக்கதை எழுதி முடித்ததும், தொடக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, எடிட் செய்து, ஒலியும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் படத்துக்குப் போனோம். இது நல்ல வழி என்று உறுதியாகவே சொல்வேன். படம் எந்த வேகத்தில் போகும், கேமரா ஒரு முகத்தை எவ்வளவு நெருங்கும், இசை கூட வருமா வராதா என்பதையெல்லாம் பார்ப்பவர் முதல் சில ஷாட்களிலேயே பழகிக்கொள்கிறார். எடுப்பவர்களுக்கும் படத்தின் குணம் அங்கேதான் பிடிபடுகிறது.

[திரையில்: ஸ்டோரிபோர்டுப் படங்கள் ஒவ்வொன்றாக.]

கதை இதுதான். இரண்டு நண்பர்கள். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவன் மற்றவன் வீட்டுக்கு வருகிறான். படியேறிக் கதவு முன்னால் வந்து நிற்கிறான். உள்ளே யாரோ சிரிக்கிறார்கள். காலிங் பெல்லை நோக்கிக் கை போகிறது, அழுத்தவில்லை. திரும்பி இறங்குகிறான். பாதியில் நிற்கிறான். மறுபடி ஏறி வந்து பெல்லை அழுத்துகிறான். டைட்டில். தொடக்கம் அவ்வளவுதான்.

எழுதும்போது இதில் நிறையச் சேர்க்கலாம் என்று ஆசை வரும். அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று ஒரு பின்குரல், பழைய புகைப்படம் ஒன்று, படியேறிக்கொண்டே போனில் யாரிடமோ பேசி விஷயத்தைச் சொல்லிவிடுவது. இவை எல்லாமே தகவல் தரும். ஆனால் தகவல் கிடைத்ததும் பார்ப்பவர் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மனதில் ஒரு கேள்வி விழுந்தால்தான் அடுத்த ஷாட்டுக்காகக் காத்திருப்பார். மாணவர் படங்களில் அலாரம் அடிக்க, ஒரு கை நீண்டு அதை அணைப்பதில் தொடங்குபவை நிறைய உண்டு. நாள் தொடங்குகிறது என்பது அதில் தெரிகிறது, சரி. ஆனால் அந்தக் கைக்குரியவரைப் பற்றி எனக்கு எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை.

எங்கள் தொடக்கத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: இவன் ஏன் பெல் அடிக்கத் தயங்குகிறான்? ஷாட் பட்டியலின் தலைப்பில் அதையே எழுதி வைத்தோம். எந்த ஷாட்டை வைப்பது, எதை விடுவது என்று வாக்குவாதம் வந்தபோதெல்லாம் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம்.

[திரையில்: மாடிப்படியின் மேலிருந்து வரைந்த வரைபடம். இரண்டு படிவரிசைகள், நடுவே இடைவெளி.]

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒருவன் ஏறுகிறானா, இறங்குகிறானா என்பது ஒரு நொடிகூடக் குழம்பக் கூடாது. அவன் மனம் மாறுவதே அந்தத் திசையில்தான் தெரிகிறது. 180 டிகிரி விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாத்திரம் நகரும் திசையில் தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் வரை, திரையில் அவன் ஒரே திசையில் போவான். கேமரா கோட்டைத் தாண்டினால், திரும்பி நடப்பதுபோல் தெரியும்.

மாடிப்படியில் சிக்கல் என்னவென்றால், பாத்திரமே பாதி மாடிக்கு ஒருமுறை திரும்புகிறது. முதல் படிவரிசை கிழக்கே ஏறினால் அடுத்தது மேற்கே ஏறும். கேமராவை ஒரே சுவரோரம் வைத்து எடுத்தால் முதல் வரிசையில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் அவன் ஏறி இறங்குவதுபோல் ஆகிவிடும்.

இதற்கு ஒளிப்பதிவு செய்த தோழி கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு படிவரிசையையும் அதற்கு எதிரே உள்ள படிவரிசையில் நின்று எடுப்பது. அவன் திரும்பும்போது கேமராவும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அதனால் திரையில் திசை மாறுவதில்லை. எங்கள் படிக்கட்டில் ஏறுவது எப்போதும் இடமிருந்து வலம் என்று அமைந்தது. படிக்கட்டு மறுபக்கம் சுற்றினால் உங்களுக்கு இது தலைகீழாக வரும், ஆனால் ஒரே மாதிரி வரும். அதன் பலன் பிறகுதான் தெரிகிறது. அவன் இறங்கும் அந்த ஒரே ஷாட்டில் முதன்முறையாக வலமிருந்து இடமாக நகர்கிறான். ஒரு வசனமும் இல்லாமல், இவன் பின்வாங்குகிறான் என்று கண்ணுக்குப் புரிந்துவிடுகிறது.

[திரையில்: ஒரே இடம், இரண்டு ஷட்டர் அளவுகள். ஒன்றில் வெளிச்சப் பட்டைகள் ஓடுகின்றன.]

வெளிச்சம். படிக்கட்டில் இருந்தது ஒரு ட்யூப் லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இந்த மாதிரி விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நாங்கள் எடுத்தது வினாடிக்கு 24 ஃபிரேம். பேசும் படங்கள் வந்த 1920களின் கடைசியில் நிலைபெற்ற வேகம் அது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 வினாடியில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் விளக்கின் இரண்டு துடிப்புகள் முழுசாக விழும். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/60 வைக்க வேண்டும். சில எல்இடி விளக்குகளுக்கு இந்தக் கணக்கும் ஒத்துவராது. எடுப்பதற்கு முன் ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டுவது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். எங்கள் படிக்கட்டின் வெளிச்சம் நீலச் சாயல், கதவிடுக்கில் தெரியும் வீட்டு வெளிச்சம் மஞ்சள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். பழைய குண்டு பல்பு போன்ற மஞ்சள் விளக்கு 3200 கெல்வினுக்குக் கீழே இருக்கும், பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5600. கேமராவை இரண்டுக்கும் நடுவில் 4300இல் நிறுத்தினோம். வெளியே கொஞ்சம் நீலமாகவும், உள்ளே கொஞ்சம் மஞ்சளாகவும் விழுந்தது. அவன் நிற்கும் இடம் குளிர்ந்தும் கதவுக்கு உள்ளே இதமாகவும் தெரிய, வேறு விளக்கு எதுவும் தேவைப்படவில்லை.

[திரையில்: எடிட்டிங் டைம்லைன். ஒலித் தடங்கள் மட்டும் பெரிதாக.]

இனி ஒலி. இந்தத் தொடக்கத்தில் பாதி வேலையைச் செய்வது அந்தச் சிரிப்புச் சத்தம்தான். அது எப்போது வருகிறது என்பதில் நிறைய நேரம் செலவிட்டோம். அவன் கதவை அடைந்த பிறகு சிரிப்பு கேட்டால், அது அந்த இடத்தில் இருக்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் இன்னும் கடைசிப் படிகளில் இருக்கும்போதே கேட்டால், அவனுக்கு முன்னால் அந்த வீடு நம்மிடம் வந்துவிடுகிறது. அடுத்த ஷாட்டின் ஒலியை முன்கூட்டியே தொடங்குவதை எடிட்டிங்கில் ஜே கட் என்பார்கள். டைம்லைனில் ஒலித் தடம் படத்தைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது அந்த ஆங்கில எழுத்தைப்போல் இருக்கும். எங்கள் சிரிப்பு, கதவின் ஷாட்டுக்கு மூன்று வினாடி முன்பே தொடங்குகிறது. நடிகரின் கால் அந்த இடத்தில் லேசாக வேகம் குறைகிறது. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிரிப்பை எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மைக் பக்கத்தில் பதிவு செய்த சிரிப்பை மென்பொருளில் மங்கச் செய்து, கதவுக்குப் பின்னால் கேட்பதுபோல் ஆக்கலாம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பதிவு செய்த சிரிப்பை ஸ்பீக்கரில் போட்டு அறைக்குள் வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு வெளியே மைக் வைத்து மறுபடி பதிவு செய்தோம். கதவு கூர்மையான ஒலிகளை அதிகம் தடுக்கும், கனமான ஒலிகளைக் கொஞ்சம் விடும். படிக்கட்டின் எதிரொலியும் தானாக வந்து சேர்ந்துவிடும். எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் இந்த முறைக்கு வேர்ல்டைஸிங் என்று பெயர் வைத்தார். ஒரு ஸ்பீக்கரும் ஒரு ரெக்கார்டரும் இருந்தால் எந்த மாணவரும் செய்யலாம். காதில் விழும்போது அது நிஜமான ஒரு வீடு.

காலடிச் சத்தம் ஃபோலி, அதாவது படத்துக்கு ஏற்பப் பிறகு தனியாகச் செய்து பதியும் சத்தம். படப்பிடிப்பு முடிந்த பின், நடிகர் போட்டிருந்த அதே ஷூவில் அதே படிகளில் ஏறிப் பதிவு செய்தோம். லொகேஷனில் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் நின்று ரூம் டோனும், அதாவது அந்த இடத்தின் வெறும் பின்னணி ஒலியையும், எடுத்தோம். ஷாட்டுகளுக்கு நடுவே ஒலி அறுந்து தெரியாமல் இருக்க அதுதான் ஒட்டுப்போடும். இசை இல்லை. இசை வந்தால் இந்தத் தயக்கம் சோகமா, பயமா என்று அதுவே சொல்லிவிடும். அதைப் பார்ப்பவரிடம் விட்டுவிட விரும்பினேன்.

[திரையில்: நடிகரின் முகம், ஒரே ஷாட். அதற்குப் பின் இரண்டு வெவ்வேறு ஷாட்கள் மாறி மாறி.]

அந்த முகத்துக்கு வருவோம். கதவு முன்னால் நிற்கும்போது ஒரு நெருக்கமான ஷாட். நடிகரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: எதையும் காட்டாதீர்கள், உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். எடிட்டிங்கில் அந்த முகத்துக்கு அடுத்து எதை வைப்பது என்பதுதான் எங்கள் மிகப்பெரிய கேள்வியாக இருந்தது.

ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் வேறு வேறு ஷாட்களை ஒட்டினார். அவரிடம் படித்த புடோவ்கின் எழுதியபடி, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் அந்த நடிகர் மூன்று உணர்ச்சிகளை அற்புதமாகக் காட்டியதாகப் பாராட்டினார்களாம். முகம் ஒன்றேதான்.

எங்கள் நாயகன் கையில் ஒரு பை உண்டு. முகத்துக்கு அடுத்து, அந்தப் பையை இறுக்கிப் பிடித்த கையை வைத்து ஒரு வடிவம் செய்தோம். இன்னொன்றில் கதவின் அடியில் தெரியும் வெளிச்சக் கோட்டையும் அதில் குறுக்கே போகும் நிழலையும் வைத்தோம். கதை தெரியாத நண்பர்களிடம் இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, அடுத்து என்ன தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டோம். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் அன்பாகத்தான் பதில் சொல்வார்கள், அதை வைத்து எடிட் செய்ய முடியாது.

பை இருக்கும் வடிவத்தைப் பார்த்தவர்கள், பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஏதோ கெடுதல் செய்ய வந்திருக்கிறான் என்றும் சிலருக்குத் தோன்றியது. வெளிச்சக் கோட்டைப் பார்த்தவர்கள், உள்ளே இருப்பது யார், இவனை உள்ளே விடுவார்களா என்று கேட்டார்கள். அதே முகம், அதே நடிப்பு. முதலாவது வேறு ஒரு படத்தின் தொடக்கம். எங்கள் படம் பதில் சொல்லப் போவது இரண்டாவது கேள்விக்குத்தான். பையின் ஷாட் அழகாக வந்திருந்தது, இருந்தாலும் எடுத்துவிட்டோம்.

அவன் பெல்லிலிருந்து கையை விலக்கும் இடத்திலும் ஒரு தேர்வு இருந்தது. ஒரு டேக்கில் கையின் அசைவு முந்தைய ஷாட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்றில் கை கொஞ்சம் மேலே இருந்தது, ஆனால் நடிகர் அடக்கிவைத்த மூச்சை அங்கே விட்டார். மேலே சொன்ன மர்ச், ஒரு கட், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம், எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல்கள் வைத்து நூற்றுக்குப் பங்கு பிரித்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10. இடத்தின் தொடர்ச்சி கடைசியில் வருகிறது, அதற்கு வெறும் 4. மூச்சு விடும் டேக்கை வைத்தோம். பார்த்தவர்களில் யாரும் கையின் உயரத்தைக் கவனிக்கவில்லை. எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

[திரையில்: கறுப்பில் வெள்ளை எழுத்து. படத்தின் பெயர்.]

கடைசியாக டைட்டில். தொடக்கத்திலேயே போட்டுவிடலாம், கதவு திறந்த பிறகும் போடலாம். பெல் ஒலித்து, உள்ளே சிரிப்பு நிற்கும் அந்த இடத்தில் வைத்தோம். பெயரை நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம் வரை திரையில் நிற்கும். அதற்கிடையே காலடிகள் கதவை நோக்கி வரும். கதவைத் திறப்பது யார் என்பது மீதிப் படத்தின் வேலை.

இப்போது அந்த ஒன்றரை நிமிடத்தையும் முழுசாகப் போடுகிறேன். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் கதவுக்குப் பின்னால் இருக்கும் சிரிப்பு கேட்காமல் போய்விடும், அது கேட்காவிட்டால் அவன் ஏன் மெதுவாகிறான் என்பதும் தெரியாது. பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றியது என்று எழுதுங்கள்.

[திரையில்: தொடக்கம் முழுமையாக ஓடுகிறது.]