களி உருண்டையும் கிழங்கானும்

வணக்கம். தூண்டில் போடுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அணைக்கரையில் பல வருடமாக உட்கார்ந்து பழகியவன், ஜிலேபி கெண்டையைப் பற்றிச் சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது கடலோரத்தில் கிடைக்கும் கிழங்கானைப் பற்றி. கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு இது எதற்கு? நம் அணையைத் தாண்டும் தென்பெண்ணை, சாத்தனூர் வழியாகப் போய்க் கடலூரில் கடலைச் சேர்கிறது. என் மகளைக் கட்டிக்கொடுத்ததும் கடலூரில்தான். ஆறு போன வழியில் நானும் போனேன், அவ்வளவுதான்.

முதல் தடவை போனபோது பையில் களி உருண்டை கொண்டுபோனேன். ராத்திரி மீந்த கேழ்வரகுக் களியில் கடலைப் பிண்ணாக்கைப் பிசைந்து உருட்டியது. அணையில் இதற்குக் கெண்டை தேடி வரும். தக்கை, கெளுத்திக்குப் போடும் பெரிய தூண்டில் முள், எல்லாம் நம்மூர் ஏற்பாடு. கடலில் வீசினேன். தக்கையை அலை தூக்கி என் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. களி கரைந்தே போயிருந்தது. பக்கத்தில் நின்ற சம்பந்தி, “என்னங்க சம்பந்தி, மீனுக்கு விருந்து வைக்கிறீங்களா?” என்றார். அப்புறம் அவரே சொல்லிக்கொடுத்தார்.

கிழங்கான் மணல் தரையில் மேயும் மீன். உடம்பு நீளமாக, வெள்ளி மாதிரி இருக்கும். வாய் மட்டும் சின்னது. மணலுக்குள் இருக்கும் புழுவையும் பொடி இறாலையும் கிளறித் தின்னும். பயந்தால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். அதனால் தக்கைக்கு இங்கே வேலையில்லை, இரை தரையில் கிடக்க வேண்டும்.

நடுவில் ஓட்டை உள்ள சின்ன உருண்டை ஈயத்தைத் தூண்டில் நரம்பில் கோத்துவிடுங்கள், முடிச்சுப் போட வேண்டாம். அதற்குக் கீழே ஒரு சுழல் வளையம். ஈயம் அதைத் தாண்டி இறங்காது. வளையத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்கு இன்னும் மெல்லிய நரம்பு, அதன் நுனியில் முள். மீன் இரையைக் கவ்வி இழுத்தால் நரம்பு ஈயத்தின் ஓட்டை வழியாக நழுவிப் போகும். கனம் தெரியாததால் மீன் துப்பாது. ஈயத்தை இறுக்கிக் கட்டினால் சந்தேகப்பட்டு விட்டுவிடும். கனமும் பார்த்துப் போட வேண்டும். அமைதியான நாளில் 20 கிராம் போதும். உருண்டை அலையோடு கொஞ்சம் உருண்டால் நல்லதுதான், இரை தானாக நகர்வது போல இருக்கும். அலை பெரிதானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

முள் 6 அல்லது 8 நம்பர், தண்டு நீளமானது. நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். இது தெரியாமல் பெரிய நம்பர் கேட்டு, கொசு மாதிரி முள்ளோடு வீட்டுக்கு வந்தவன் நான். நீளத்தண்டில் புழுவைத் தலையிலிருந்து நேராகக் கோக்கலாம், கழற்றவும் சுலபம்.

இரை அந்தக் கரையிலேயே இருக்கிறது. முகத்துவாரச் சேற்றைக் கிளறினால் கடல் புழு வரும். அதற்கு மிஞ்சிய இரை இல்லை. கிடைக்காவிட்டால் ஓடு உரித்த இறாலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். கணவாயை மெல்லிய நாராகக் கிழித்தும் போடலாம். அது முள்ளில் கெட்டியாக நிற்கும், நண்டு சீக்கிரம் பிடுங்காது. பெரிய துண்டு போட்டால் பெரிய மீன் வரும் என்பது இந்தச் சின்ன வாய்க்காரனிடம் செல்லாது.

தூரமாக வீச நினைக்காதீர்கள். கடலூர்த் தாழங்குடா பக்கம் நான் பிடித்ததெல்லாம் அலை உடையும் இடத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும் பள்ளத்தில்தான். காலையில் தண்ணீர் ஏறும் நேரம் எனக்கு ராசி. வீசிவிட்டுச் சும்மா இருக்காமல் ரீலை மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள், நிறுத்துங்கள், மறுபடி சுற்றுங்கள். நகரும் இரையைத் துரத்தி வரும். கையில் டொக், டொக் என்று இரண்டு தட்டு தெரியும். அதற்கே வெடுக்கென்று இழுத்தால் போச்சு. நரம்பு விறைக்கும் வரை பொறுத்து, கம்பை நிதானமாகத் தூக்கினால் போதும். ஒரு சாணுக்குக் குறைந்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். சதை மிருதுவானது, வெயிலில் போட்டுவைத்தால் குழைந்துவிடும், ஐஸ் கையோடு இருக்கட்டும். முகத்துவாரத்தில் மணல் திடீரென்று உள்வாங்கும், இடுப்பளவு இறங்கி நிற்கிற வீரமும் வேண்டாம்.

திரும்பி வந்து அதே ஓட்டை ஈயத்தை அணையில் தரையோரக் கெண்டைக்குப் போட்டுப் பார்த்தேன். தக்கையை விட எனக்கு நன்றாகவே கொடுத்தது. இரை மட்டும் பழைய களிதான். அணையில் மீன்பிடி உரிமை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டு போடுங்கள்.

பொங்கலுக்குச் சம்பந்தி இங்கே வருகிறார். போனில், “இரைக்கு என்ன கொண்டுவரட்டும்?” என்று கேட்டார். “கையை வீசிக்கிட்டு வாங்க, வீட்டுல களி இருக்கு” என்றேன்.