பின்சீட்டில் உட்காருகிறவரைக் கேட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து வால்பாறைக்கு நானும் என் மனைவியும் பைக்கில் கிளம்பினோம். புது வண்டி. ஓட்டுகிறவன் ஆசைப்படுகிற எல்லாம் அதில் இருந்தது. நல்ல இழுவை, தொட்டால் நிற்கும் பிரேக், அகலமான முன்சீட். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். மனைவி இறங்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏங்க, உங்களுக்கு மெத்தை, எனக்குப் பலகையா?"

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் அவர் பின்னால் சரிந்தார். பிடித்துக்கொள்ள சீட்டுக்கு அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதற்குப் பெயர்தான் கைப்பிடியாம். மறுநாள் இறக்கத்தில் முன்னால் சரிந்தார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. 40 வளைவையும் விடாமல் எண்ணியது அவர்தான். பொள்ளாச்சி வந்ததும் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். சொன்னபடியே பஸ்ஸில் வந்தார்.

வண்டி மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அதனால் பெயரும் வேண்டாம். அது ஒற்றை ஆளுக்குச் செய்த வண்டி. இருவருக்கென்று வாங்கியது நான்தான். ஷோரூமில் எத்தனை சிசி, என்ன மைலேஜ், பிக்கப் எப்படி என்று கேட்டேனே தவிர, பின்சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பின்சீட்டில் எதைப் பார்ப்பது? முதலில் முழங்கால். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் சீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும். பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லும். அடுத்து, பின்சீட் முன்சீட்டைவிட எவ்வளவு உயரம்? கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது, தோளுக்கு மேலே சாலை தெரியும். ரொம்ப உயர்ந்தால் எதிர்க்காற்று முழுவதும் அவர் நெஞ்சில்தான். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் பயணம் முழுக்க உங்கள் முதுகுதான் அவருக்குச் சுவர். கைப்பிடிக் கம்பி இடுப்புக்குப் பக்கத்தில், மணிக்கட்டைத் திருகாமல் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சைலன்சர் அவருடைய கணுக்காலை ஒட்டிப் போகிறதா என்பதையும் குனிந்து பாருங்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. வாங்க நினைக்கிற வண்டியை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் உட்காருங்கள். என் நண்பர் ஒருவர் வண்டியில் நான் அழகர்கோவில் வரை அப்படிப் போனேன். 20 கிலோமீட்டர்தான். அவர் பிரேக் பிடித்தபோதெல்லாம் என் வாயில் என் மனைவியின் வசனங்களே வந்தன.

சரி, எடைக்கு வருவோம். நான் 78 கிலோ, மனைவி 62. இரண்டு ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் சேர்த்து ஏழு. சாமான் வைக்க வண்டியில் மாட்டுகிற பெட்டியும் அதைத் தாங்கும் கம்பியும் வெறுமையாகவே எட்டு கிலோ. உள்ளே துணி, மழைக்கோட்டு, பஞ்சர் சாமான், தண்ணீர் பாட்டில் என்று ஒரு 18. கூட்டினால் 173 கிலோ. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு, வண்டியோடு தருகிற கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். எல்லையைத் தாண்டினால் ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவரை போய் இடிக்கும். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் ராத்திரியில் ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு எதிரே வருகிற லாரிக்காரர் கண்ணில் அடிக்கும்.

எல்லைக்குள் இருந்தாலும் இரண்டு வேலை பாக்கி உண்டு. ஆள் ஏறினால் பின் டயருக்குக் காற்று கூட வேண்டும். அளவு கையேட்டிலேயே இருக்கும். அப்புறம் பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கப் பல வண்டிகளில் படிப்படியாகத் திருப்புகிற வளையம் ஒன்று இருக்கிறது. சி வடிவ ஸ்பேனரை மாட்டி ஒரு திருகு திருகினால் அடுத்த படிக்கு ஏறும். பலருடைய வண்டியில் அது கம்பெனி வைத்த இடத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது.

பெட்டிகளைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கனமான சாமான் கீழே, இரண்டு பக்கமும் சமமாக. பின்னால் மேலே வைக்கிற டாப் பாக்ஸ் பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் நிற்கிறது. அதில் கனம் ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். அதில் மழைக்கோட்டும் முறுக்கு டப்பாவும் போதும். நாகர்கோவில் பக்கம் ஆனிக் காற்றில் முப்பந்தலைக் கடந்தவர்களுக்குப் பக்கப் பெட்டிகளின் அகலமும் புரியும். காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் பெட்டியிலும் மோதி வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளப் பார்க்கும். துணிப் பைகள் மலிவு, ஆனால் சைலன்சரில் படாமல் தாங்கிக் கம்பி போட வேண்டும். போடாததால் என் மழைக்கோட்டு ஒன்று பைக்குள்ளேயே உருகி, பையோடு ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. பக்கப் பெட்டி மாட்டிவிட்டால் புடவையில் ஒருக்களித்து உட்கார முடியாது. காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் பெட்டி மறிக்கும். என் மனைவி முதலில் ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் மறுகாலைப் போடுவார். அந்த நேரத்தில் வண்டியின் பாரம் முழுவதும் என் இரண்டு பாதத்தில். பின்சக்கரத்தை மூடுகிற சாரி கார்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி மாட்டித் தருகிறேன் என்பார்கள் கடைக்காரர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்கிறது. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக்கொள்வதைத் தடுக்கத்தான் அந்த விதி.

வண்டிகளின் பெயர் கேட்பீர்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350: 191 கிலோ, சீட் உயரம் 765 மில்லிமீட்டர், 20 குதிரைத்திறன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் ஊன்றும். ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஹிமாலயன் 450 என்றால் 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டாங்க், மோசமான சாலைக்கு நல்ல வண்டி; ஆனால் சீட் 825 மில்லிமீட்டர், பெட்டியோடு பின்னால் ஏறுவது ஒரு உடற்பயிற்சி. சூப்பர் மீட்டியர் 650இன் 241 கிலோ ஓடும்போது தெரியாது, சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னுக்கு இழுக்கும்போது தெரியும். உலகத்திலேயே சொகுசான பின்சீட் என்று பலர் சொல்வது ஹோண்டா கோல்ட்விங். நாற்காலி மாதிரி சாய்மானம், 1833 சிசி. அதற்கு ரிவர்ஸ் கியரே வைத்திருக்கிறார்கள் என்றால் எடையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சாலையில் 80, 90 வேகத்துக்கு மேல் போகாத தம்பதிக்கு 350 சிசி போதும் என்பது என் கட்சி. என் நண்பர்களே ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது வண்டி வாங்கும்போது நிரப்பிய பையோடு இருவரும் ஷோரூமுக்குப் போனோம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தச் சொல்லி மனைவி பின்சீட்டில் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். விற்பனையாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மனைவி, "முதுகுக்குச் சாய்மானம் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த மீட்டியர் 350ஐத்தான் வாங்கினோம்.

போன வருடம் அதில் கன்னியாகுமரி போனோம். கோவில்பட்டி தாண்டியதும் பின்னால் பேச்சு நின்றது. கோபமோ என்று கண்ணாடியில் பார்த்தேன். சாய்மானத்தில் தலை ஆட, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பதறிப்போய் ஓரம் கட்டி எழுப்பினேன். அன்றிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு டீ, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும்.

வணக்கம்.