அம்மாவின் ராட்டையும் என் மெய்ப்புத் தாள்களும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் சேலம், அம்மாப்பேட்டை. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரு நூல் அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை, சந்திப் பிழை, விடுபட்ட வரி, மாறிப்போன பக்க எண் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். 12 வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதில் 9 வருடம் வீட்டில் இருந்தபடி. "உனக்கென்ன, புள்ள கண்ணு முன்னாடியே வளருது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலுக்கு மார்கழி மாதம் அறுவடைக் காலம். சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. இப்போது வருடா வருடம் பொங்கலை ஒட்டி நடக்கிறது. அதற்குள் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எல்லாப் பதிப்பகத்தாரும் டிசம்பரில் ஒரே நேரத்தில் கோப்புகளை அனுப்புவார்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். காலையில் நாலு ஃபாரம், ராத்திரி நாலு ஃபாரம் என்று ஓடும். அதே டிசம்பரில்தான் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை. இந்த இரண்டும் ஒன்றாக வந்து விழுகிற வீடு எங்கள் வீடு.

என் மகள் நாலாம் வகுப்புப் படித்தபோது ஒரு டிசம்பர். மாலையில் பள்ளி விட்டு வந்தால் என் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் திரையைப் பார்த்தபடி "உம்" கொட்டுவேன். அந்த வாரத்தில் ஒருநாள், "மிஸ் போர்டுல எழுதறது ஆடுதும்மா" என்று சொல்லியிருக்கிறாள். "உம், பாத்துக்கலாம் கண்ணு" என்று நான் சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கு நினைவே இல்லை. அவள்தான் பிறகு சொன்னாள்.

பத்து நாள் கழித்து வகுப்பாசிரியர் கூப்பிட்டார். "பக்கத்துப் புள்ளயோட நோட்டப் பாத்துத்தான் எழுதறா. கண்ணக் காட்டிடுங்க" என்றார். கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75. எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முந்நூறு பக்க நாவலில் ஒரு புள்ளி விட்டுப்போனால் என் கண்ணுக்குத் தட்டுப்படும். என் மகள் புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தது தட்டுப்படவில்லை. அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது எனக்கு என் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் அப்பா தறி நெய்தவர். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, சுற்றித் தருவதைத்தான் தார் சுற்றுவது என்போம். விடிந்தால் ராட்டை, சாய்ந்தால் ராட்டை. ஆனால் நான் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வேன். எட்டேழு ஐம்பத்தி நாலு என்றால் ராட்டை நிற்காமலே "ஐம்பத்தாறு" என்று குரல் வரும். என் தொண்டை கட்டியிருப்பது என் குரலில் அவருக்குத் தெரியும். அழுதுவிட்டு வந்தேன் என்பது என் காலடிச் சத்தத்தில் தெரியும். கையும் ஒரு கண்ணும் நூலில், காது முழுக்க என்னிடம். வேலை செய்துகொண்டே கூடவே இருக்க அவரால் முடிந்தது.

அதே அம்மாப்பேட்டையில், அதே மாதிரி வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்கிற எனக்கு ஏன் முடியவில்லை? என் பாசம் குறைவா என்று எத்தனையோ நாள் என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை. என் வேலையின் தன்மை வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தாம் எழுதியதைத் தாமே மெய்ப்புப் பார்க்கும் எழுத்தாளருக்குப் பிழை கண்ணில் படாது. தாளில் இருப்பது ஒன்று, அவர் மனம் படிப்பது இன்னொன்று. விட்டுப்போன எழுத்தை மனமே நிரப்பிவிடும். அதனால் மெய்ப்புப் பார்ப்பவர் ஒவ்வொரு சொல்லையும் உள்ளுக்குள் உச்சரித்து, அந்த ஒலியைக் கேட்டுத்தான் முன்னே நகர வேண்டும். "வேலை கேட்டாள்" என்றால் உத்தியோகம் கேட்டாள். "வேலைக் கேட்டாள்" என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்டாள். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஒற்று. அந்த ஒற்றைப் பிடிக்க உள்காது திறந்திருக்க வேண்டும். ராட்டை என் அம்மாவின் கையை எடுத்துக்கொண்டது. என் தொழில் என் காதை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய அதே காதை. மொழிபெயர்ப்பு, எழுத்து, பதிப்பு என்று சொல்லோடு வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் இதுதான் நிலைமை. வீட்டில் உடம்பு இருக்கும், ஆள் இருக்காது.

ஆகவே இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்ற எண்ணத்தையே நான் விட்டுவிட்டேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஆறரை வரை ஒரு வேலை. பிள்ளை பள்ளிக்குப் போனதும் மூன்றரை வரை அடுத்தது. அதன் பிறகு அவள் தூங்கும் வரை கணினி மூடியிருக்கும், கைபேசி பீரோவுக்குள் இருக்கும். டிசம்பரிலும் இதுதான். பதிப்பகத்தாரிடம் நேராகவே சொன்னேன்: "கோப்ப நவம்பர்லயே குடுத்துடுங்க. ராத்திரி அனுப்பிட்டு விடியறதுக்குள்ள கேட்டா என்னால ஆகாது." ஒருவர் அதோடு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த வருடம் வருமானம் குறைந்தது. வீட்டில் கை கடித்தது. இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அவர்கள் புத்தகங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். காலையில் பிள்ளைக்குத் தலை சீவிவிட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, பள்ளியில் விட்டுப் போவது இப்போது அவர். பின்னல் கோணல்மாணலாக இருந்தாலும் அவள் அப்பா பின்னியதுதான் வேண்டும் என்கிறாள். பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று அவரை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவரையும் கேட்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு முறை இடைவேளை தர வேண்டும். எல்லாம் நல்ல சட்டம். ஆனால் கடை, நிறுவனம் என்றால் 10 பேராவது வேலை செய்தால்தான் இது செல்லும். நான் மகளைச் சுமந்தபோது வேலை பார்த்த கணினி அச்சுக்கோப்புக் கடையில் நாங்கள் ஐந்து பேர். எட்டாம் மாதம் நின்றேன். மறுமாதம் என் நாற்காலியில் வேறு ஆள். புத்தகத் தொழிலில் பெரும்பாலான பெண்கள் இப்படிச் சின்ன இடத்திலோ, பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வீட்டிலோதான் இருக்கிறார்கள். பின்னட்டையில் பதிப்பாளர் பெயர் இருக்கும், உள்ளே அச்சகத்தின் பெயர் இருக்கும். இந்தப் பெண்களின் பெயர் இருக்காது. இவர்களுக்குக் குறைந்தது வேலையை முடிக்க ஒரு நியாயமான தேதியையாவது கொடுங்கள் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாலை நேரத்தில் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கீரை ஆய்வோம். ஞாயிற்றுக்கிழமை தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிடுவோம். வாரம் ஒருநாள் நூலகத்துக்குப் போவோம். தமிழ்நாட்டில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. உங்கள் காசில் வாங்கிய புத்தகம் அங்கே இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிப் போங்கள். இராத்திரி அவள் சத்தம் போட்டுப் படிப்பாள், நான் கேட்பேன். கையில் பென்சில் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்தில் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் "ழ"வை "ள" என்று படித்தால் நாக்கு நுனிக்குத் திருத்தம் வந்துவிடும். அடக்கிக்கொண்டேன். இரண்டு மூன்று மாதம் போன பிறகு கதையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் சொல்லத் தொடங்கினாள். யார் பேசவில்லை, யார் பென்சிலை எடுத்தது, எந்தப் பிள்ளை மதியம் தனியாகச் சாப்பிட்டது என்று. திருத்திக்கொண்டே இருந்திருந்தால் இது ஒன்றும் என் காதுக்கு வந்திருக்காது.

போன மே மாதம் மூன்று பேரும் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனோம். சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவு. அவள் ஜன்னல் ஓரம், புதுக் கண்ணாடியோடு. முன்பு ஒருமுறை போனபோது வாந்தி வருகிறது என்று கண்ணை மூடி என் மடியில் படுத்துக்கொண்டே வந்தவள், இந்த முறை ஒவ்வொரு வளைவையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். தூரத்தில் காப்பித் தோட்டத்துக்குள் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் இலை காற்றில் திரும்பி வெள்ளையாகத் தெரிவதை எனக்குக் காட்டினாள்.

மேலே இறங்கினதும் சாலை ஓரத்தில் ஒரு பழக்கடை. அட்டையில் கரியால் எழுதி மாட்டியிருந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே நின்று படித்துவிட்டு, "அம்மா, பலாப்பழத்துல ஒரு கால் விட்டுப்போச்சு. பலப்பழம்னு இருக்குது பாரு" என்றாள்.

நான் அந்த அட்டையைக் கவனிக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வணக்கம்.