ராணி நகையை அடகு வெச்சாங்களா? கொலம்பஸ் கப்பலுக்குக் காசு வந்த கதை

[திரையில்: திறந்த நகைப்பெட்டி, பக்கத்தில் ராணி இசபெல்லா]

கொலம்பஸை அனுப்புறதுக்காக ஸ்பெயின் ராணி இசபெல்லா தன் நகையை அடகு வெச்சாங்கன்னு ஒரு கதை கேட்டிருப்பீங்க. நகை அடகுல இருந்தது உண்மைதான். ஆனா அது அதுக்கு முன்னாடியே, ஸ்பெயின் மண்ணுல கடைசியா மிச்சமிருந்த முஸ்லிம் அரசான கிரனாடாவைப் பிடிக்கிற போர்ச் செலவுக்குப் போயிடுச்சு.

அப்போ கொலம்பஸுக்குக் காசு?

மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் மரவெடி. அன்னைக்கு இசபெல்லாவோட காஸ்டில் நாட்டுல ஓடின நாணயக் கணக்கு அது. பாதிக்கு மேல, 11 லட்சத்து 40 ஆயிரம், அரசவை நிதி அதிகாரி லூயிஸ் தெ சாந்தாங்கெல் புரட்டிக் கொடுத்தது. கொலம்பஸும் தன் பங்குக்குக் கடன் வாங்கிப் போட்டார். கப்பல் கிடைச்ச விதம் இன்னும் சுவாரசியம். பாலோஸ்னு ஒரு துறைமுக ஊர். ஏதோ தப்புக்காக அரசுக்குத் தண்டனை பாக்கி வெச்சிருந்துச்சு. அந்தத் தண்டனையையே ரெண்டு கப்பலா வசூல் பண்ணிக்கிட்டாங்க!

[திரையில்: ஆப்பிரிக்க மேற்குக் கரை வரைபடம்]

சரி, இவ்வளவு மெனக்கெட்டு எதுக்கு அனுப்பணும்? மிளகு. கோழிக்கோட்டுல கப்பல் ஏறுற மிளகு, அரபு வணிகர்கள் கை மாறி, செங்கடல் தாண்டி, அலெக்சாந்திரியா போய், வெனிஸ்காரங்க வழியாத்தான் ஐரோப்பாவுக்குள்ள வரும். போற வழியெல்லாம் சுங்கம், லாபம். 1453ல துருக்கியர் கான்ஸ்டான்டினோபிளைப் பிடிச்சதும் வழி அடைஞ்சுபோச்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். ஆனா மிளகுக்கு முக்கிய வழி எகிப்துதான், அது திறந்தேதான் இருந்துச்சு. விலைதான் கடுப்பைக் கிளப்புச்சு.

போர்ச்சுகல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போகப் பார்த்துச்சு. 1488லயே பார்த்தலோமியு டயஸ் தெற்கு முனையைத் தாண்டிட்டார். அதனால மேற்கே போயே ஆசியாவைப் பிடிக்கிறேன்னு வந்த கொலம்பஸ் அவங்களுக்குத் தேவைப்படலை.

ஸ்பெயினுக்குத் தேவைப்பட்டார். ஏன்னா 1479ல போட்ட அல்காசோவாஸ் ஒப்பந்தப்படி, கேனரி தீவுகளுக்குத் தெற்கே ஆப்பிரிக்கக் கரை முழுக்க போர்ச்சுகலுக்குன்னு எழுதிக் கொடுத்தாச்சு. மிச்சம் இருந்த ஒரே திசை மேற்கு. என்னைக் கேட்டா, புதுசைத் தேடுற ஆசையைவிட இந்த அடைச்ச கதவுதான் பெரிய காரணம். மதமும் உண்டு. 1492 ஜனவரியில கிரனாடா விழுந்த வெற்றிக் களிப்பு. அதே வருஷம் ஏப்ரல்ல கொலம்பஸோட ஒப்பந்தம்.

[திரையில்: அரச முத்திரை பதித்த பத்திரம்]

அந்த ஒப்பந்தத்தைப் பாருங்க. கடற்படைத் தலைவர் பட்டம், கண்டுபிடிக்கிற நாட்டுக்கு ஆளுநர் பதவி, வருமானத்துல பத்துல ஒண்ணு. எல்லாமே கிடைச்சா மட்டும்தான். கிடைக்கலைன்னா காகிதத்தோட போச்சு.

போர்ச்சுகல் இன்னும் கெட்டிக்காரத்தனம். 1469ல பெர்னாவ் கோமஸ்ங்கிற லிஸ்பன் வணிகருக்குக் கினியா, அதாவது ஆப்பிரிக்க மேற்குக் கரை வணிகத்தையே குத்தகைக்கு விட்டுச்சு. வருஷம் 2 லட்சம் ரெய்ஸ் (போர்ச்சுகல் நாணயம்) கட்டணும், கூடவே வருஷத்துக்கு 100 லீக் (அந்தக் காலத் தூரக் கணக்கு) புதுக் கரையையும் கண்டுபிடிச்சுத் தரணும். காசும் அவரே கட்டி, வரைபடத்தையும் அவரே நீட்டிக் கொடுத்தார்!

கஞ்சத்தனத்துல முதல் பரிசு இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றிக்குத்தான். 1496ல ஜான் கேபட்ங்கிற மாலுமிக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்தார்: செலவு உன்னோடது, லாபத்துல அஞ்சுல ஒண்ணு என்னோடது. அடுத்த வருஷம் கேபட் வட அமெரிக்கக் கரையைத் தொட்டுட்டுத் திரும்பினார். அரண்மனைக் கணக்குல, புதுத் தீவைக் கண்டுபிடிச்சவருக்குன்னு எழுதின தொகை 10 பவுண்டு. பிறகு வருஷத்துக்கு 20 பவுண்டு உதவித்தொகை. அதையும் பிரிஸ்டல் துறைமுகச் சுங்க வசூல்ல இருந்து வாங்கிக்கச் சொல்லிட்டார்.